நியூ ஸ்டார்ட் முடிந்த பிறகு: எந்த வழியை முதலில் கேட்பது?

அமெரிக்காவின் மொண்டானா மாநிலத்தில் வயல்வெளிக்கு நடுவே கம்பி வேலி போட்ட சிறு திடல்கள் நிறைய உண்டு. ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு மினிட்மேன் ஏவுகணை நிற்கிறது. சில ஆண்டுகளுக்கு முன்புவரை ரஷ்ய அதிகாரிகள் அங்கே வருவார்கள். வந்து, இருக்கும் ஏவுகணைகளில் ஒன்றைக் கைகாட்டுவார்கள். அதன் முனைப்பகுதியை அமெரிக்கர்கள் திறந்து காட்ட வேண்டும். உள்ளே இருக்கும் அணுகுண்டை உறை போட்டு மறைத்துக்கொள்ளலாம். அது எப்படிச் செய்யப்பட்டது என்று வந்தவர்கள் ஆராயக்கூடாது, எத்தனை இருக்கிறது என்று எண்ணிப் பார்க்கலாம், அவ்வளவுதான். ஒன்று என்று எழுதிக் கொடுத்திருந்தால் ஒன்றுதான் இருக்க வேண்டும். இதே வேலையை ரஷ்யத் தளங்களில் அமெரிக்கர்கள் செய்தார்கள். ஒவ்வொரு தரப்புக்கும் ஆண்டுக்கு 18 முறை வரை இந்த உரிமை இருந்தது.

இதற்கெல்லாம் வழி செய்தது அமெரிக்காவுக்கும் ரஷ்யாவுக்கும் நடுவே இருந்த நியூ ஸ்டார்ட் ஒப்பந்தம். அந்தப் பெயரைக் கேட்டதும் பலருக்கும் 1,550 என்ற எண்தான் நினைவுக்கு வரும். ஒவ்வொரு நாடும் ஏவத் தயாராகப் பொருத்தி வைத்திருக்கும் தொலைதூர அணுகுண்டுகளுக்கான உச்சவரம்பு அது. எனக்கு அந்த எண்ணைவிட மொண்டானா வயலில் நடந்த அந்தக் காரியம்தான் பெரிதாகப் படுகிறது. எதிரியை வீட்டுக்குள் கூப்பிட்டு, பெட்டியைத் திறந்து, எண்ணிக்கொள் என்று காட்டினார்கள். இரு பக்கமும் சேர்ந்து 300 முறைக்கு மேல் அது நடந்திருக்கிறது.

2020 மார்ச்சில் கொரோனாவால் நேரடிச் சோதனைகள் நின்றன. பிறகு அவை தொடங்கவே இல்லை. 2023 பிப்ரவரியில் ரஷ்யா ஒப்பந்தத்தில் தன் பங்கேற்பை நிறுத்திவைப்பதாக அறிவித்தது. ஆண்டுக்கு இருமுறை பரிமாறிக்கொண்ட கணக்கும் அதோடு நின்றது. 2021-இல் ஐந்து ஆண்டு நீட்டித்தாயிற்று, அதற்கு மேல் நீட்டிக்க ஒப்பந்தத்திலேயே இடமில்லை. 2026 பிப்ரவரி 5-ஆம் தேதியோடு காலம் முடிந்துபோனது.

சரி, இனி என்ன? நிபுணர்களும் அரசுகளும் அமைதி இயக்கங்களும் ஆளுக்கொரு வழி சொல்கிறார்கள். ஒருவர் வரம்பை வாய்மொழியாகவாவது தொடரலாம் என்கிறார். இன்னொருவர் இரு நாட்டுக்கும் புதிய ஒப்பந்தம் வேண்டும் என்கிறார். சீனா வராமல் எதுவும் ஆகாது என்பது மூன்றாவது கட்சி. அணு ஆயுதத்தையே முழுதாகத் தடை செய்துவிட்டோம், வந்து கையெழுத்துப் போடுங்கள் என்கிறது 2017 ஒப்பந்தத்தின் பக்கம் நிற்கும் நாடுகளின் கூட்டம். இவற்றுக்கெல்லாம் கீழே, பெரிதாகச் செய்தியில் அடிபடாத ஐந்தாவது வழி ஒன்றும் உண்டு.

இவற்றை ஒப்பிட நான் கையில் வைத்திருக்கும் கேள்வி ஒன்றே. ஒரு தரப்பு ஏமாற்றினால் மற்றவருக்குத் தெரியவருமா? எத்தனை குண்டு குறையும், எவ்வளவு சீக்கிரம் நடக்கும் என்பவையும் முக்கியம்தான். ஆனால் தெரியவராத இடத்தில் பயம் புகுந்துகொள்ளும். பயம் வந்துவிட்டால் எந்த எண்ணும் நிற்காது.

எதையும் செய்யாமல் விட்டால்

வழிகளைப் பார்க்கும் முன், சும்மா இருந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்லிவிட வேண்டும். மொண்டானா, வடக்கு டகோட்டா, வயோமிங் பகுதிகளில் பணியில் இருக்கும் மினிட்மேன் ஏவுகணைகள் 400. இன்று ஒவ்வொன்றிலும் ஒரு குண்டு. ஆனால் அது மூன்று வரை தாங்கக்கூடியது. 14 ஒஹையோ ரக நீர்மூழ்கிகளில் தலா 24 ஏவுகுழாய்கள் இருந்தன. வரம்புக்குள் அடங்குவதற்காக ஒவ்வொன்றிலும் நான்கை மூடிவிட்டார்கள். மூடியதைத் திறக்கலாம், கிடங்கில் இருக்கும் குண்டுகளை எடுத்து மறுபடி பொருத்தலாம். ரஷ்யாவிடமும் ஒன்றுக்கு மேல் சுமக்கும் ஏவுகணைகள் நிறைய உண்டு. புதிதாக ஒரு குண்டுகூடச் செய்யாமலே இரு தரப்பும் எண்ணிக்கையை ஏற்றிவிட முடியும்.

இந்தக் குண்டுகள் எப்படிப்பட்டவை? ஹிரோஷிமாவில் விழுந்தது சுமார் 15 கிலோடன். 1945 முடிவதற்குள் அந்த ஒரு நகரத்தில் ஏறத்தாழ 1,40,000 பேர் இறந்தார்கள். இன்று மினிட்மேன் சுமக்கும் குண்டுகளில் ஒரு வகை 300 கிலோடன். அமெரிக்கா தன் அணு ஆயுதங்களைப் பராமரிக்கவும் புதுப்பிக்கவும் 2025 முதல் 2034 வரை 946 பில்லியன் டாலர் ஆகும் என்று அந்நாட்டு நாடாளுமன்றத்தின் பட்ஜெட் அலுவலகமே கணக்குப் போட்டிருக்கிறது. ஒப்பந்தம் உயிரோடு இருந்த நாளில் போட்ட கணக்கு அது.

வாய்ச்சொல்லை நம்பலாமா?

2025 செப்டம்பர் 22 அன்று புதின் ஒரு யோசனை சொன்னார். ஒப்பந்தம் முடிந்த பிறகும் ஓராண்டுக்கு அதன் வரம்புகளை ரஷ்யா மதிக்கும், அமெரிக்காவும் அப்படியே செய்தால். சில நாள் கழித்துப் பத்திரிகையாளர்கள் கேட்டபோது, நல்ல யோசனையாகத்தான் தெரிகிறது என்ற பொருளில் டிரம்ப் பதில் சொன்னார். ஆனால் ஒப்பந்தமாக எதுவும் கையெழுத்தாகாமலே பிப்ரவரி 5 வந்துபோனது.

வாய்ச்சொல் வழியை எடுத்தவுடன் தள்ளிவிடக் கூடாது. வரலாற்றில் அது வேலை செய்திருக்கிறது. 1979-இல் கையெழுத்தான சால்ட் 2 ஒப்பந்தம் நடைமுறைக்கு வரவே இல்லை. ஆனாலும் 1986 வரை இரு தரப்பும் அதன் வரம்புகளைப் பெரும்பாலும் மதித்தே நடந்தன. 2009 டிசம்பரில் முதல் ஸ்டார்ட் ஒப்பந்தம் காலாவதியாகி, 2011 பிப்ரவரியில் நியூ ஸ்டார்ட் நடைமுறைக்கு வரும்வரை பதினான்கு மாதம் எந்த ஒப்பந்தமும் இல்லை. அப்போதும் யாரும் கிடங்கைத் திறந்து குண்டுகளை ஏற்றிவிடவில்லை.

இவற்றைவிடப் பெரிய எடுத்துக்காட்டு 1991. அந்த ஆகஸ்ட்டில் மாஸ்கோவில் ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி நடந்து, சோவியத் யூனியன் உடைந்துகொண்டிருந்தது. போர்க்களத்தில் பயன்படுத்தவென்று செய்த சிறுரக அணு ஆயுதங்கள் பல குடியரசுகளில் சிதறிக் கிடந்தன. அவை யார் கையில் போய்ச் சேருமோ என்ற பயம் வாஷிங்டனுக்கும் இருந்தது, மாஸ்கோவுக்கும் இருந்தது. செப்டம்பர் 27 அன்று மூத்த புஷ், தரையிலிருந்து ஏவும் குறுந்தூர அணு ஆயுதங்களையும் போர்க்கப்பல்களில் இருந்த சிறுரக அணு ஆயுதங்களையும் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். பேச்சுவார்த்தை இல்லை, கையெழுத்து இல்லை. எட்டே நாளில், அக்டோபர் 5 அன்று, சோவியத் அதிபர் கோர்பச்சேவ் அதே அளவில் பதில் அறிவிப்பு கொடுத்தார். ஆயிரக்கணக்கான ஆயுதங்கள் களத்திலிருந்து கிடங்குக்குப் போயின. ஆண்டுக்கணக்காகப் பேசி எழுதும் எந்த ஒப்பந்தமும் அந்த வேகத்தில் அவ்வளவு செய்ததில்லை.

ஆனால் அந்த 1991 கதைக்கு ஒரு பிற்பகுதி இருக்கிறது. போய்ப் பார்த்து எண்ணும் ஏற்பாடு எதுவும் அதில் இல்லை. அதனால் ரஷ்யாவிடம் இன்று எத்தனை சிறுரக அணு ஆயுதங்கள் இருக்கின்றன என்பது உறுதியான எண் அல்ல, வெளியாரின் மதிப்பீடு: ஆயிரத்திலிருந்து இரண்டாயிரம் என்கிறார்கள். ஆயிரத்துக்கும் இரண்டாயிரத்துக்கும் நடுவில் இருக்கும் அந்த மூட்டம்தான் இன்று புதிய ஒப்பந்தத்துக்குக் குறுக்கே நிற்கும் முக்கியமான பிணக்குகளில் ஒன்று. சொல் கொடுத்தவர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் உண்மையே சொல்லியிருந்தாலும் அதை நிரூபிக்க வழியில்லாமல் போய்விட்டது என்பதுதான் துயரம்.

புதினின் யோசனையிலும் இதே குறைதான். வரம்பு மட்டும்தான் பேசப்படுகிறது, போய்ப் பார்க்கும் கண் இல்லை. 2022 செப்டம்பர் கணக்குப்படி ரஷ்யாவிடம் 1,549, அமெரிக்காவிடம் 1,420. இரு தரப்பும் ஒப்பந்தப்படி பரிமாறிக்கொண்ட கடைசிக் கணக்கு அது. அதற்குப் பிறகு ரஷ்யாவைப் பற்றி வருவதெல்லாம் பெரும்பாலும் செயற்கைக்கோள் படத்தை வைத்து ஊகிப்பது. ஏவுகுழி இருக்கிறதா என்று செயற்கைக்கோள் சொல்லிவிடும். ஏவுகணையின் மூக்குக்குள் ஒன்று இருக்கிறதா மூன்று இருக்கிறதா என்று அதனால் சொல்ல முடியாது.

புதிய இருதரப்பு ஒப்பந்தம்

ஏமாற்றினால் தெரியுமா என்ற என் கேள்விக்கு எல்லாவற்றையும்விட நல்ல பதில் இங்கேதான் கிடைக்கிறது. 1987-இல் ரீகனும் கோர்பச்சேவும் கையெழுத்திட்ட இடைத்தூர ஏவுகணை ஒப்பந்தத்தைப் பாருங்கள். 500 முதல் 5,500 கிலோமீட்டர் வரை செல்லும், தரையிலிருந்து ஏவும் ஏவுகணை வகை முழுவதும் ஒழிய வேண்டும் என்பது விதி. 1991-க்குள் 2,692 ஏவுகணைகளை அழித்தார்கள். சோவியத் பக்கம் 1,846, அமெரிக்கப் பக்கம் 846. ரஷ்யாவின் வோட்கின்ஸ்க் நகரில் ஏவுகணைத் தொழிற்சாலையின் வாசலிலேயே அமெரிக்கக் குழு ஒன்று பதின்மூன்று ஆண்டு குடியிருந்து, வெளியே போகும் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தது. அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தின் மேக்னாவில் அதேபோல ரஷ்யக் குழு. "நம்பு, ஆனால் சரிபார்" என்ற ரஷ்யப் பழமொழியை ரீகன் திரும்பத் திரும்பச் சொன்னது இந்தக் காலத்தில்தான். விதிக்குப் புறம்பான ஏவுகணை ஒன்றை ரஷ்யா செய்துவிட்டதாகக் குற்றம் சாட்டி, 2019 ஆகஸ்ட்டில் அமெரிக்கா அந்த ஒப்பந்தத்திலிருந்து வெளியேறியது. ரஷ்யா அந்தக் குற்றச்சாட்டை மறுத்தது. வாசலில் உட்கார்ந்து பார்க்கும் அந்த ஏற்பாடு 2001-லேயே முடிந்துவிட்டது என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்கத் தோன்றுகிறது.

ஆனால் இன்று இந்த வழி செங்குத்தானது. நியூ ஸ்டார்ட்டைப் பேசி முடிக்க ஓராண்டு ஆனது, அதுவும் ஒபாமாவும் அப்போதைய ரஷ்ய அதிபர் மெத்வதேவும் உறவைச் சீராக்க விரும்பிய காலத்தில். பிறகும் அமெரிக்க செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு, அதாவது 67, வேண்டியிருந்தது. 2010 டிசம்பரில் 71 கிடைத்தது. இப்போது உக்ரைன் போர் நடுவில் நிற்கிறது. அமெரிக்கா அறிவித்திருக்கும் கோல்டன் டோம் என்னும் ஏவுகணைத் தடுப்புத் திட்டத்தைப் பற்றிப் பேசாமல் ரஷ்யா நகராது. கேடயம் பலமானால் தன் ஈட்டி மழுங்கும் என்பது அதன் கவலை, 2002-இல் ஏவுகணைத் தடுப்பு ஒப்பந்தத்தை விட்டு அமெரிக்கா வெளியேறிய நாளிலிருந்து சொல்லிவருவதும் அதுவே. அமெரிக்காவுக்கோ ரஷ்யாவின் சிறுரக ஆயுதங்களும், பொசைடன் என்னும் அணுசக்தி டார்பிடோவும், அணு உலையால் ஓடும் புரெவெஸ்ட்னிக் ஏவுகணையும் கணக்கில் வர வேண்டும்.

அதோடு தொழில்நுட்பச் சிக்கல் ஒன்றும் இருக்கிறது. இதுவரை வந்த ஒப்பந்தங்கள் எல்லாம் சுமக்கும் வாகனத்தை, அதாவது ஏவுகணை, நீர்மூழ்கி, விமானம் இவற்றை வைத்தே எண்ணின. கிடங்கில் தனியாக வைத்திருக்கும் குண்டை எந்த ஒப்பந்தமும் எண்ணியதில்லை. நியூ ஸ்டார்ட்டில் ஒரு பெரிய குண்டுவீச்சு விமானம் எத்தனை சுமந்தாலும் ஒரே குண்டு என்றுதான் கணக்கு. சிறுரக ஆயுதங்களையும் சேர்க்க வேண்டுமானால், ஒரு பெட்டிக்குள் இருப்பது உண்மையான அணுகுண்டுதானா என்று அதன் வடிவமைப்பு ரகசியம் வெளியே வராமல் உறுதிசெய்ய வேண்டும். ஆய்வுக்கூடங்களில் அதற்கான வேலை நடக்கிறது, ஒப்பந்தத்தில் எழுதும் அளவுக்கு இன்னும் பழுக்கவில்லை.

ஆகவே இது சிறந்த வழி, ஆனால் மெதுவான வழி. அது வரும்வரை நடுவில் இருக்கும் காலத்தை என்ன செய்வது என்பதுதான் உண்மையான கேள்வி.

சீனாவையும் சேர்த்தால்தான் என்றால்

2020 ஜூனில் வியன்னாவில் அமெரிக்க, ரஷ்யத் தூதுக்குழுக்கள் சந்தித்தன. கூட்டம் தொடங்கும் முன் மேசையில் சில நாற்காலிகளுக்கு எதிரே சீனக் கொடிகளை வைத்து, "சீனா வரவில்லை" என்று அமெரிக்கத் தூதர் படம் எடுத்து வெளியிட்டார். வருவதாகச் சீனா சொல்லவே இல்லை.

சீனாவைக் குறித்த கவலை பொய்யல்ல. 2021-இல் கான்சு, சின்ஜியாங், உள் மங்கோலியா ஆகிய பகுதிகளின் பாலைவனங்களில் நூற்றுக்கணக்கான புதிய ஏவுகுழிகள் தோண்டப்படுவதைத் தனியார் செயற்கைக்கோள் படங்களை வைத்து ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். இன்று சீனாவிடம் சுமார் 600 குண்டுகள், 2030-க்குள் ஆயிரம் தாண்டும் என்கிறது பெண்டகன். ஆனால் அமெரிக்காவிடமும் ரஷ்யாவிடமும் தலா ஐயாயிரத்துக்கு மேல் இருக்கின்றன. உலகில் இருக்கும் ஏறத்தாழ 12,000 குண்டுகளில் பத்தில் ஒன்பது பங்கு இந்த இருவரிடம்தான். முதலில் நீங்கள் இறங்கி வாருங்கள் என்று சீனா சொல்வதில் நியாயம் இருக்கிறது. சிறிய படை வைத்திருப்பவருக்கு அதன் இருப்பிடம் தெரியாமல் இருப்பதுதான் பாதுகாப்பு என்ற அதன் வாதத்தையும் ஒதுக்க முடியாது. 2023 நவம்பரில் அமெரிக்காவும் சீனாவும் ஒருமுறை உட்கார்ந்து பேசின. 2024 ஜூலையில், தைவானுக்கு ஆயுதம் விற்றதைக் காரணம் காட்டி, அடுத்த சுற்றைச் சீனா நிறுத்திவிட்டது.

இந்தியாவில் இருக்கும் நமக்கு இந்த வழியில் தனிப்பட்ட அக்கறை உண்டு. அமெரிக்காவைப் பார்த்துச் சீனா ஏற்றுகிறது, சீனாவைப் பார்த்து இந்தியா, இந்தியாவைப் பார்த்துப் பாகிஸ்தான். 2024 மார்ச்சில் இந்தியா ஒரே அக்னி-5 ஏவுகணையில் பல குண்டு வைக்கும் சோதனையைச் செய்தது. மினிட்மேனில் ஒன்றாகக் குறைத்ததை அங்கே மறுபடி மூன்றாக்கும் பேச்சு எழும்போது, இங்கே ஒன்றைப் பலவாக்கும் வேலை தொடங்கியிருக்கிறது. சீனாவோடு ஏதாவது ஒரு வரம்பு வந்தால் அதன் பலன் பாகிஸ்தான் ராணுவத் தலைமையகம் இருக்கும் ராவல்பிண்டி வரை எட்டும்.

இருந்தாலும் சீனா வராமல் ஆரம்பிக்க மாட்டோம் என்பதை முன்நிபந்தனையாக வைப்பதை நான் ஏற்கவில்லை. அப்படி வைத்தால் கிடைக்கப்போவது மூன்று தரப்பு ஒப்பந்தம் அல்ல, ஒப்பந்தமே இல்லாத இன்னொரு பத்தாண்டு.

தடை ஒப்பந்தம்

2017 ஜூலை 7 அன்று ஐ.நா.வில் 122 நாடுகள் வாக்களித்து அணு ஆயுதத் தடை ஒப்பந்தத்தை ஏற்றன. 2021 ஜனவரி 22 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. எழுபதுக்கும் மேற்பட்ட நாடுகள் சேர்ந்திருக்கின்றன. இலங்கை 2023 செப்டம்பரில் சேர்ந்தது, மலேசியா அதற்கும் முன்பே. அணு ஆயுதம் வைத்திருக்கும் ஒன்பது நாடுகளில் ஒன்றுகூடச் சேரவில்லை. இந்தியா அந்தப் பேச்சுவார்த்தைக்கே போகவில்லை.

கையில் குண்டு இல்லாதவர்கள் போட்ட கையெழுத்தால் என்ன பயன் என்று பலர் கேட்கிறார்கள். இந்தக் கேள்வியைக் கேட்பவர்களுக்கு ரசாயன ஆயுதக் கதையைச் சொல்வேன். ரசாயன ஆயுதத் தடை 1997-இல் நடைமுறைக்கு வந்தது. தன்னிடம் இருப்பதாக இந்தியாவே அறிவித்து, பன்னாட்டுச் சோதனையாளர்கள் முன்னிலையில் 2009-க்குள் முழுவதையும் அழித்தது. அமெரிக்கா கடைசிக் குண்டை 2023 ஜூலையில் கென்டக்கியில் அழித்தது. அறிவிக்கப்பட்ட கையிருப்பு உலகம் முழுக்க அதோடு தீர்ந்தது. ஒரு வகை ஆயுதத்தை முழுதாகத் தடை செய்து, உள்ளே போய்ப் பார்த்து, அழித்து முடிக்க மனிதர்களால் முடியும் என்பதற்கு இது நம் காலத்துச் சான்று. அணுவிலும் நடந்திருக்கிறது. தென்னாப்பிரிக்கா ஆறு குண்டுகளைச் செய்து முடித்து, தானாகவே கலைத்துவிட்டு, 1993 மார்ச்சில் உலகத்துக்குச் சொன்னது. கழற்றிய குண்டு என்ன ஆகும் என்பதற்கும் விடை உண்டு. ரஷ்யக் குண்டுகளிலிருந்து எடுத்த 500 டன் செறிவூட்டிய யுரேனியத்தை 1993 முதல் 2013 வரை அமெரிக்கா அணு மின்நிலைய எரிபொருளாக வாங்கியது. சுமார் 20,000 குண்டுகளுக்கான பொருள் அது. நகரங்களை எரிக்கச் செய்து வைத்தது பல ஆண்டு அமெரிக்க வீடுகளில் விளக்கு எரித்தது.

தடை ஒப்பந்தத்தின் எனக்குப் பிடித்த பகுதி ஆறாவது பிரிவு. அணு ஆயுதத்தாலும் சோதனையாலும் பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவ வேண்டும் என்கிறது அது. கஜகஸ்தானின் செமிபலாட்டின்ஸ்க் களத்தில் 456 சோதனைகள் நடந்தன. அந்தக் காற்றைச் சுவாசித்த கிராமங்களின் பெயர் எந்த ஸ்டார்ட் ஒப்பந்தத்திலும் வராது. 2024-இல் நோபல் அமைதிப் பரிசு பெற்ற நிஹோன் ஹிதான்கியோ, ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் உயிர் தப்பியவர்களின் அமைப்பு. அவர்கள் உலகத்திடம் கேட்பது உச்சவரம்பு அல்ல, பூஜ்யம்.

ஆனாலும் இந்த வழிக்கு எதிரான கடுமையான வாதத்தைச் சொல்லாமல் விட்டால் நேர்மை ஆகாது. உக்ரைன் 1994-இல் புடாபெஸ்டில் பாதுகாப்பு உறுதிமொழி வாங்கிக்கொண்டு, தன் மண்ணில் இருந்த சோவியத் அணு ஆயுதங்களை ரஷ்யாவுக்கு அனுப்பியது. உறுதிமொழி கொடுத்தவர்களில் ஒருவரே பின்னால் படையெடுத்து வந்தார். ஏவும் கட்டுப்பாடு அப்போதும் மாஸ்கோவிடம்தான் இருந்தது என்பது உண்மை. என்றாலும் இன்று எந்தத் தலைநகரிலும் குண்டைக் கொடு என்று கேட்டால் உக்ரைனைத்தான் காட்டுவார்கள். தடை ஒப்பந்தம் இதற்கு இன்னும் பதில் வைத்திருக்கவில்லை. அழிப்பதை யார் போய்ச் சரிபார்ப்பது என்பதையும் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறது. 1988-இல் ராஜீவ் காந்தி ஐ.நா.வில் வைத்த திட்டம் 2010-க்குள் அணு ஆயுதமற்ற உலகம் என்று படிப்படியாகக் கால அட்டவணையே போட்டது. பத்தே ஆண்டில் பொக்ரான் வந்தது. இலக்கைச் சொல்வதும் அங்கே நடந்துபோகப் பாதை போடுவதும் இருவேறு வேலை.

கம்பிகளை இணைப்பது

ஐந்தாவது வழி குண்டைக் குறைக்காது. தவறுதலாகப் போர் வெடிக்கும் வாய்ப்பைக் குறைக்கும்.

1995 ஜனவரி 25 அன்று நார்வேயிலிருந்து வடமுனை ஒளியை ஆராய ஒரு ராக்கெட் கிளம்பியது. ரஷ்ய ராடாரில் அது நீர்மூழ்கியிலிருந்து வந்த ஏவுகணை போலத் தெரிந்தது. ரஷ்ய அதிபர் யெல்ட்சின் கைக்கு, ஏவ உத்தரவிடும் அணுப் பெட்டி போயிற்று. சில நிமிடம் கழித்துதான் ஆபத்தில்லை என்று தெரிந்தது. நார்வே முன்கூட்டியே தகவல் அனுப்பித்தான் இருந்தது. அந்தத் தகவல் ராடார் முன்னால் உட்கார்ந்திருந்தவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. 2022 மார்ச் 9 அன்று இந்தியாவிலிருந்து தவறுதலாகக் கிளம்பிய பிரமோஸ் ஏவுகணை பாகிஸ்தானின் மியான் சன்னு ஊரில் விழுந்தது. வெடிபொருள் இல்லை, உயிர்ச்சேதம் இல்லை. இரண்டு அணு ஆயுத நாடுகளுக்கு நடுவே அது பறந்த நிமிடங்களை நினைத்தால் எனக்கு இன்னும் நடுங்குகிறது.

ஏவுகணைச் சோதனைக்கு முன்னறிவிப்பு கொடுக்கும் உடன்பாடுகள் ஏற்கெனவே இருக்கின்றன, ஆனால் துண்டு துண்டாக. அமெரிக்காவுக்கும் சோவியத் யூனியனுக்கும் 1988-இல் போட்டது ஒன்று. நியூ ஸ்டார்ட்டை நிறுத்திவைத்தபோதுகூட இதை விடமாட்டோம் என்று ரஷ்யா சொன்னது. இந்தியாவும் பாகிஸ்தானும் 2005-இல் போட்டது இன்னொன்று. ரஷ்யாவும் சீனாவும் 2009-இல் போட்டது மூன்றாவது. ஆக, வரம்பு பேச மறுக்கும் சீனாகூட முன்னறிவிப்பு கொடுக்கச் சம்மதித்திருக்கிறது. அமெரிக்காவுக்கும் சீனாவுக்கும் நடுவே இதே அளவுக்கு உறுதியான ஏற்பாடு இல்லை, இந்தியாவுக்கும் சீனாவுக்கும் நடுவேயும் இல்லை. மூன்று கம்பிகள் தனித்தனியே தொங்குகின்றன. அவற்றை ஒன்றாக முடிச்சுப் போடுவதற்குச் செனட்டில் 67 வாக்கு தேவையில்லை, யாரும் ஒரு குண்டைக்கூடக் கொடுக்க வேண்டியதில்லை.

இப்படிப்பட்ட சின்ன ஏற்பாடுகள் நெருக்கடியில் தாங்குமா என்று கேட்டால், தாங்குகின்றன. ஒருவர் அணு நிலையத்தை மற்றவர் தாக்கக்கூடாது என்று இந்தியாவும் பாகிஸ்தானும் 1988-இல் உடன்பட்டன. கல்பாக்கம், கூடங்குளம் போன்ற உலைகளைக் காப்பதும் அந்த உடன்பாடுதான். 1992 முதல் ஒவ்வொரு ஜனவரி 1-ஆம் தேதியும் இரு நாடும் தம் அணு நிலையங்களின் பட்டியலைப் பரிமாறிக்கொள்கின்றன. கார்கில் வந்தது, நாடாளுமன்றத் தாக்குதல் வந்தது, மும்பை வந்தது, 2025 மே மாதம் நான்கு நாள் மோதல் வந்தது. பட்டியல் ஒரு ஆண்டும் தவறவில்லை.

என் வரிசை

ஒன்றை மட்டும் முதலில் கேள் என்றால், வாய்ச்சொல் வரம்பைக் கேட்பேன், ஆனால் ஒரு சேர்க்கையோடு. ஆண்டுக்கு இருமுறை கணக்குப் பரிமாற்றம் உடனே மறுபடி தொடங்க வேண்டும். அதற்கு யாரும் யார் மண்ணிலும் கால் வைக்க வேண்டியதில்லை. 1991-இன் வேகம் கிடைக்கும், 1991 விட்டுப்போன மூட்டமும் கொஞ்சம் விலகும். கணக்கு வந்துவிட்டால் நேரில் போய்ப் பார்ப்பதைப் பேச ஒரு காகிதமாவது கையில் இருக்கும். கூடவே கம்பிகளை இணைக்கும் வேலை, ஏனென்றால் சீனாவை மேசைக்குக் கொண்டுவர அதைவிடத் தாழ்வான படி வேறு இல்லை. புதிய இருதரப்பு ஒப்பந்தம் அடுத்து, சீனாவுக்காகக் காத்திராமல்.

தடை ஒப்பந்தத்தை நான் இந்த வரிசையின் கடைசியில் வைக்கவில்லை, வரிசைக்கு வெளியே வைக்கிறேன். அது அரசுகளுக்கான அடுத்த படி அல்ல. எதற்காகப் படி ஏறுகிறோம் என்பதை மறக்கவிடாமல் இலங்கையும் கஜகஸ்தானும் தென்னாப்பிரிக்காவும் எழுப்பிக்கொண்டே இருக்க வேண்டிய குரல்.

இந்தியா இதில் வேடிக்கை பார்க்க வேண்டிய நாடு இல்லை. முதலில் பயன்படுத்தமாட்டோம் என்ற கொள்கை நம்மிடமும் இருக்கிறது, சீனாவிடமும் இருக்கிறது. ஏவுகணைச் சோதனைகளை முன்கூட்டியே சொல்லும் ஹேக் நடத்தை விதிகளில் 2016-இல் சேர்ந்தோம். சீனாவும் பாகிஸ்தானும் சேரவில்லை. பாகிஸ்தானோடு போட்ட 2005 உடன்பாடு மேலே எழும்பி வளைந்து விழும் பாலிஸ்டிக் ஏவுகணைகளுக்கு மட்டும்தான், மியான் சன்னுவில் விழுந்த, விமானம்போலப் பறந்து போகும் க்ரூஸ் வகை அதில் வராது. அதைச் சேர்க்கும் திருத்தத்தை இஸ்லாமாபாதுக்கும், முன்னறிவிப்பு உடன்பாட்டுக்கான அழைப்பை பெய்ஜிங்குக்கும் டெல்லி எழுதி அனுப்பலாம். மாஸ்கோவும் வாஷிங்டனும் என்ன முடிவெடுக்கின்றன என்று பார்த்துக்கொண்டு அந்த இரண்டு கடிதங்களையும் தள்ளிப்போட எந்தக் காரணமும் இல்லை.